வட்டி இறங்கும்போது வீட்டை விற்பது: இப்போதே விற்கலாமா, இன்னொரு குறைப்புக்குக் காத்திருக்கலாமா?

#1 மொட்டைமாடி

வீட்டுக்கடன் வட்டி இறங்க ஆரம்பித்தாலே விற்கிறவர்கள் பக்கம் ஒரு பேச்சு கிளம்பிவிடுகிறது: "இன்னும் ஒரு குறைப்பு வரட்டும், விலை ஏறும், அப்புறம் விளம்பரம் கொடுக்கலாம்." கணக்குப்படி இது எவ்வளவு தூரம் சரி?

பேச வசதியாக ஒரு நிலைமையை வைத்துக்கொள்வோம். வீட்டின் விலை 100. கடன் பாக்கி 50. விற்ற கையோடு அதே ஊரில் இன்னொரு வீடு வாங்க வேண்டும். கடன் முறை நாட்டுக்கு நாடு வேறு என்பது தெரியும். மாறும் வட்டி, நிலையான வட்டி இரண்டுக்கும் பதில் எப்படி மாறும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

#2 தவணைக்கணக்கு

முதலில் எண்கள். 20 வருடக் கடன், தொகை 1,00,000. நாணயம் எதுவானாலும் விகிதம் ஒன்றுதான்.

9% என்றால் மாதத் தவணை 900
8.5% என்றால் 868
8.25% என்றால் 852
8% என்றால் 836
7.5% என்றால் 806

இதைத் திருப்பிப் பாருங்கள். மாதம் இவ்வளவுதான் கட்ட முடியும் என்று இருப்பவருக்கு, வட்டி 9லிருந்து 8க்கு வந்தால் 7.6% கூடுதல் கடன் கிடைக்கும். ஆனால் நீங்கள் காத்திருக்கப்போவது முழுப் புள்ளிக்கு இல்லை, கால் புள்ளிக்கு. 8.5லிருந்து 8.25க்கு இறங்கினால் கடன் கூடுவது 1.85% மட்டும். விலையில் 80% கடன், மீதி கைப்பணம் என்றால் அவருடைய மொத்த பட்ஜெட் 1.5% ஏறுகிறது. அந்த ஒன்றரையையும் பேரம் பேசாமல் அப்படியே உங்கள் கையில் வைத்தால்தான் உங்களுக்கு அது லாபம்.

மறுபக்கம் காத்திருக்கும் செலவு. பாக்கி 50க்கு 8.5% வட்டி, மூன்று மாதத்துக்கு 1.06. அதோடு சொத்து வரி, பராமரிப்பு, காப்பீடு. வரக்கூடிய 1.5க்காக, கட்டாயம் போகப்போகிற 1.06. எனக்கு இது நல்ல பந்தயமாகத் தெரியவில்லை.

#3 செங்கல்

தவணைக்கணக்கு சார், இரண்டு திருத்தம்.

ஒன்று, அந்த 1.06. பூட்டிக் கிடக்கும் வீடு என்றால் முழுச் செலவு, சரி. குடியிருக்கும் வீட்டுக்கு அப்படி எழுதக் கூடாது. விற்றுவிட்டு வேறு இடம் போனாலும் அங்கே வாடகையோ வட்டியோ கொடுத்துத்தான் ஆக வேண்டும்.

இரண்டாவதுதான் முக்கியம். அந்த 1.5% எல்லா வாங்குபவரிடமும் இருக்காது. கடன் கொடுப்பவர் விலையில் 80%க்கு மேல் தரமாட்டார் என்று வையுங்கள். வாங்குபவர் கையில் 20 இருக்கிறது. அவருடைய உச்சவரம்பு 100. வட்டி 9 ஆனாலும் 6 ஆனாலும் அதே 100தான். அவரைத் தடுப்பது கைப்பணம், தவணை இல்லை. வட்டி குறைந்ததால் அவருக்கு மாதச் செலவு குறையும், விலை கூட்டிக் கொடுக்கும் சக்தி வராது.

கைப்பணம் தாராளமாக இருந்து சம்பளம் இடிக்கிற ஆளுக்குத்தான் பட்ஜெட் ஏறும். அவர் பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு வீட்டை விற்றுவிட்டு வருகிறவர். ஆகவே முதல் வீடு வாங்குவோர் தேடும் சிறிய வீட்டை விற்கிறீர்கள் என்றால் வட்டி இறங்குவதன் பலன் கூட்டமாக வரும், விலையாக வருவது குறைவு. அதாவது, நேற்றுவரை கடன் தகுதி இல்லாத சிலர் இன்று தகுதி பெறுகிறார்கள். பெரிய வீடு என்றால் விலையிலேயே கொஞ்சம் தெரியும்.

இன்னொரு வடிகட்டியும் உண்டு. பல நாடுகளில் தகுதியைக் கணக்கிடுவது உண்மையான வட்டியில் இல்லை. ஆஸ்திரேலியாவில் 2021 அக்டோபரிலிருந்து கடன் வட்டிக்கு மேல் 3 புள்ளி சேர்த்துப் பார்க்கிறார்கள். கனடாவில் 2 புள்ளி சேர்த்தது அல்லது 5.25%, எது அதிகமோ அது. 3 புள்ளி சேர்த்தால் 9, 8 என்பது 12, 11 ஆகிவிடும். 12லிருந்து 11க்கு இறங்கினால் கூடும் கடன் 6.7%தான், 7.6 இல்லை.

#4 அளவுகோல்

"குறைப்பு வரட்டும்" என்கிறவர்கள் எந்த வட்டியைச் சொல்கிறார்கள் என்று முதலில் கேளுங்கள். மத்திய வங்கியின் வட்டி ஒன்று, வாங்குபவர் கட்டப்போகும் வீட்டுக்கடன் வட்டி வேறொன்று.

அமெரிக்காவில் 2024 செப்டம்பர் 18 அன்று மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் அரைப் புள்ளி குறைத்தது. நவம்பரில் கால், டிசம்பரில் கால். மொத்தம் ஒரு புள்ளி. அதே காலத்தில் வங்கிகளிடமிருந்து வீட்டுக்கடன்களை வாங்கும் ஃப்ரெடி மேக் நிறுவனத்தின் வாராந்திரக் கணக்கில் 30 வருட நிலையான வட்டியின் சராசரி செப்டம்பர் கடைசியில் 6.08%, 2025 ஜனவரி நடுவில் 7.04%. ஒன்று இறங்க மற்றது ஏறியது. அங்கே வீட்டுக்கடன் வட்டி 10 வருட அரசுப் பத்திரத்தின் வருமானத்தோடு ஓடுகிறது. வரப்போகும் குறைப்பைச் சந்தை முன்கூட்டியே விலையில் சேர்த்துவிடும். அறிவிப்பு வரும் நாளில் எதிர்பார்ப்பு கொஞ்சம் மாறினாலும் எதிர்த்திசையில் போகும். அந்தச் செப்டம்பரில் "இன்னும் இரண்டு குறைப்பு இருக்கிறதே" என்று காத்திருந்தவருக்கு ஜனவரியில் வந்தவர்கள் குறைந்த பட்ஜெட்டோடு வந்தவர்கள்.

இந்தியாவில் தொடர்பு நேரடியானது. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் கொடுக்கும் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் வெளி அளவீட்டோடு, பெரும்பாலும் ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியோடு, கட்டப்பட்டவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியை மாற்றியமைக்க வேண்டும். அங்கே அறிவிப்பைப் பார்த்துத் திட்டமிடுவதில் அர்த்தம் உண்டு.

வட்டி ஏன் இறங்குகிறது என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. 2007 செப்டம்பரில் 5.25% இருந்த அமெரிக்க மத்திய வங்கி வட்டி 2008 டிசம்பரில் பூஜ்யத்தை ஒட்டி வந்தது. வீட்டு விலை அந்தக் காலம் முழுவதும் விழுந்துகொண்டே இருந்தது. விலைவாசி அடங்கியதால் வரும் குறைப்பு வேறு. வேலை போகிற காலத்தில் வரும் குறைப்பு வேறு. இரண்டாவதில் காத்திருப்பது தற்கொலை.

#5 மொட்டைமாடி

அப்படியானால் விலை ஏற்றத்தை எதிர்பார்த்துத் தள்ளிப்போடுவதில் பெரிதாக ஒன்றும் இல்லை என்கிறீர்கள். விற்பவரே வாங்குபவராகவும் இருக்கும்போது?

#6 தவணைக்கணக்கு

அதில்தான் பலருக்குக் கணக்கு உதைக்கிறது. 100க்கு விற்று 140க்கு வாங்குகிறீர்கள் என்றால் கையிலிருந்து போட வேண்டியது 40. சந்தை 5% ஏறட்டும். 105க்கு விற்று 147க்கு வாங்குவீர்கள், இடைவெளி 42. விலை ஏறியதால் உங்களுக்கு 2 நஷ்டம். பெரிய வீட்டுக்கு மாறுகிறவர் விலை ஏற்றத்துக்காகக் காத்திருப்பது தன் கையாலேயே விலையை ஏற்றிக்கொள்வது. சிறிய வீட்டுக்கு, 70க்கு, மாறுகிறவருக்கு 30 என்பது 31.5 ஆகும், அவர் காத்திருக்கலாம். ஒரே விலையில் மாறுகிறவருக்கு நிகரம் பூஜ்யம், மிஞ்சுவது தரகும் பதிவுச் செலவும்.

"அடுத்த கடனுக்குக் குறைந்த வட்டி கிடைக்குமே" என்று பதில் வரும். மாறும் வட்டியில் வாங்கினால் குறைப்பு தானாக வந்து சேரும். நிலையான வட்டியில் வாங்கினாலும், அபராதம் இல்லாத ஒப்பந்தமாக இருந்தால் பிறகு கடனை மாற்றிக்கொள்ளலாம். வாங்கிய விலையை மட்டும் பிறகு மாற்ற முடியாது.

விற்ற பணத்தை டெபாசிட்டில் போட்டு வட்டியில் காலம் தள்ள நினைப்பவருக்குத் தனிக் கணக்கு. வட்டி இறங்கினால் அவருடைய வருமானமும் இறங்கும். 100ஐ 7%க்குப் போட்டால் வருடத்துக்கு 7. வட்டி 6 ஆகும்வரை காத்திருந்தால் அதே 7 கிடைக்க வீடு 116.7க்கு விற்க வேண்டும். ஒரு புள்ளி இறங்கியதற்கு எந்தச் சந்தையும் அவ்வளவு ஏறாது. இவர்கள் சீக்கிரம் விற்றுவிட்டு நீண்டகால டெபாசிட்டில் வட்டியைப் பிடித்துவைப்பதே மேல்.

#7 நிலைவட்டி

இதுவரை பேசியது எல்லாம் கடனைச் சும்மா முடித்துவிடலாம் என்ற அனுமானத்தில். இந்தியாவில் தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு அது சரி, முன்கூட்டியே முடித்தால் கட்டணம் கிடையாது. அமெரிக்காவின் சாதாரண வீட்டுக்கடன்களிலும் பெரும்பாலும் அபராதம் இல்லை. நிலையான வட்டிக்குக் காலவரம்பு இருக்கும் நாடுகளில் கதை தலைகீழ்: வட்டி இறங்க இறங்கக் கடனை உடைக்கும் செலவு ஏறும்.

காரணம் எளிது. நீங்கள் 5.5% கட்டுவதாக இன்னும் மூன்று வருடத்துக்கு ஒப்புக்கொண்டிருக்கிறீர்கள். இன்று கடனை அடைத்தால் அந்தப் பணத்தை வங்கி 3.5%க்குத்தான் வேறொருவருக்குக் கொடுக்க முடியும். வித்தியாசத்தை உங்களிடம் கேட்கும். பாக்கி 50 × 2% × 3 வருடம் = 3. வீட்டு விலையில் 3% அபராதமாகவே போய்விடுகிறது.

கனடாவில் நிலையான வட்டிக் கடனுக்கு வழக்கமாக மூன்று மாத வட்டி அல்லது இந்த வட்டி வித்தியாசம், எது அதிகமோ அது. மேலே சொன்ன கடனுக்கு மூன்று மாத வட்டி 0.69தான். வட்டி ஏறிக்கொண்டிருந்த காலத்தில் 0.69 கட்டிவிட்டுப் போயிருக்கலாம், இறங்கும் காலத்தில் 3. கவனிக்க வேண்டிய ஒரு நுணுக்கம்: சில வங்கிகள் வித்தியாசத்தைப் பலகை வட்டியை, அதாவது தள்ளுபடிக்கு முன் வெளியே அறிவிக்கும் வட்டியை, வைத்துக் கணக்கிடும், உங்களுக்குக் கொடுத்த தள்ளுபடியைக் கழித்துக்கொண்டு. அப்படிச் செய்தால் ஒப்பிடும் வட்டி இன்னும் கீழே போய் அபராதம் பெருகும். எந்த வாய்பாடு என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் பார்த்துவிட்டுத் தொகையை எழுத்தில் கேளுங்கள். தொலைபேசியில் சொல்லும் எண்ணை நம்பி விலை நிர்ணயிக்காதீர்கள்.

ஜெர்மனியிலும் தர்க்கம் இதேதான், ஒப்பீடு அடமானக் கடன்பத்திரங்களின் வருமானத்தோடு. ஆனால் கடன் முழுதும் வழங்கப்பட்டு 10 வருடம் ஆகிவிட்டால் 6 மாத முன்னறிவிப்போடு இழப்பீடு இல்லாமல் வெளியேறும் உரிமை சட்டத்திலேயே இருக்கிறது. பத்தாவது வருடத்தை முடிக்கப்போகிறவர் விற்பனைத் தேதியைச் சில மாதங்கள் தள்ளினாலே அந்த இழப்பீடு மிச்சம்.

பிரிட்டனில் அபராதம் பெரும்பாலும் படிக்கட்டு முறை. ஐந்து வருட நிலையான வட்டி என்றால் 5, 4, 3, 2, 1 சதவீதம் என்று இறங்கும், சந்தை வட்டியோடு சம்பந்தம் இல்லை. அடுத்த படிக்கட்டு எந்தத் தேதியில் என்று பார்த்து, கிரயம் முடிக்கும் நாளை அதற்கு அடுத்த நாள் வைப்பதுதான் வித்தை. பல கடன்களில் வருடத்துக்கு 10% வரை அபராதமின்றிக் கூடுதலாகக் கட்டலாம். கையில் பணம் இருந்தால் விற்பனைக்கு முன்பே அதைக் கட்டிப் பாக்கியைக் குறைத்துவிடுங்கள். அபராதம் மீதிக்குத்தான்.

#8 இடைச்சுவர்

நிலைவட்டி, பழைய கடனைப் புது வீட்டுக்கு எடுத்துச் செல்லும் வசதி இருந்தால் அபராதமே வராதே?

#9 நிலைவட்டி

வராது. ஆனால் சந்தை வட்டி குறைந்த பிறகு அதிக வட்டிக் கடனைத் தூக்கிக்கொண்டு போகிறீர்கள். அபராதம் 3 ஒருபுறம், மூன்று வருடம் 2 புள்ளி அதிகமாகக் கட்டுவது மறுபுறம். வாய்பாடு நேர்மையாக இருந்தால் இரண்டும் ஏறக்குறைய சமம். பலகை வட்டித் தந்திரம் இருக்கும் இடத்தில் எடுத்துச் செல்வதே லாபம்.

வருமானத் தகுதியைப் புதிதாகப் பார்ப்பார்கள். வேலை மாறியவர், சுயதொழிலுக்குப் போனவர் இதில் சிக்குவார்கள். விற்பதற்கும் வாங்குவதற்கும் இடையில் எத்தனை நாள் அனுமதி என்பதையும் பாருங்கள். அந்த வரம்பைத் தாண்டினால் வசதி போச்சு, அபராதத்தைக் கட்டியே ஆக வேண்டும்.

#10 கிரயமேசை

விலையைப் பற்றியே எல்லாரும் பேசுகிறார்கள். வட்டி இறங்கும் காலத்தில் விற்பனை உடைவது பெரும்பாலும் நடைமுறையில்.

வாங்குபவரின் முன் ஒப்புதல் கடிதத்தில் தேதியையும், எந்த வட்டியில் கணக்கிட்டது என்பதையும் பாருங்கள். பழைய, அதிக வட்டியில் தகுதி பெற்றவர் இன்றைய வட்டியில் இன்னும் வசதியானவர். அவரால் இன்னும் எவ்வளவு கூட்டித் தர முடியும் என்பது உங்களுக்குத் தெரிந்தால் பேரத்தில் உதவும். ஆனால் கடிதம் பொதுவாக 60 முதல் 90 நாள்தான் செல்லும். காலாவதியானதைப் புதுப்பிக்கச் சொல்லாமல் முன்பணம் வாங்காதீர்கள்.

அடுத்தது, கடன் மாற்றும் நோய். ஒப்பந்தம் போட்ட இரண்டாவது வாரம் இன்னொரு வங்கி கால் புள்ளி குறைவாகச் சொல்லும். வாங்குபவர் அங்கே ஓடுவார். புது விண்ணப்பம், புது மதிப்பீடு, புதிதாக ஆவணச் சரிபார்ப்பு, மூன்று நான்கு வாரம் போயே போச்சு. ஒப்பந்தத்தில் ஒரு வரி போதும்: கடன் தருபவரை மாற்றினாலும் கிரயத் தேதி மாறாது, தாண்டும் ஒவ்வொரு நாளுக்கும் வாங்குபவர் இவ்வளவு கொடுக்க வேண்டும். அந்தத் தொகையை உங்கள் கடனின் ஒரு நாள் வட்டியோடும் பராமரிப்போடும் பொருந்தும்படி வையுங்கள். கண்டபடி ஏற்றினால் தகராறு வரும்போது நிற்காது.

வட்டி இறங்கியதும் பழைய கடனை மாற்ற ஊரே வங்கிக்குப் போகும். அதே அலுவலர்கள், அதே மதிப்பீட்டாளர்கள். வழக்கமாக 45 நாளில் முடிவது 60 நாள் ஆகும் என்று எடுத்துக்கொண்டே தேதி போடுங்கள். நீங்கள் வாங்கப்போகும் வீட்டின் தேதியை அதற்குப் பிறகு வையுங்கள். முந்தி வைத்தால் இடைக்காலக் கடன் எடுக்க வேண்டி வரும், அதன் வட்டி வீட்டுக்கடன் வட்டி போல இருக்காது.

பிறகு மதிப்பீடு. மதிப்பீட்டாளர் பார்ப்பது முடிந்துபோன விற்பனைகளை, பெரும்பாலும் கடந்த மூன்று முதல் ஆறு மாதத்தவை. சந்தை ஏறும்போது அவருடைய எண் பின்தங்கும். நீங்கள் 106க்குப் பேசி முடித்தீர்கள், அவர் 100 என்று எழுதினார். வங்கி 80% என்றால் வாங்குபவர் எதிர்பார்த்த 84.8க்குப் பதில் 80 கிடைக்கும். கையிலிருந்து 21.2 போட இருந்தவர் 26 போட வேண்டும். செங்கல் சொன்ன கைப்பணத் தடை இங்கேதான் வந்து முட்டும். இதனாலேயே இரண்டு பேர் ஒரே விலை சொன்னால் கைப்பணம் அதிகமுள்ளவரைத் தேர்ந்தெடுப்பேன். அவர் 1 குறைவாகச் சொன்னாலும்கூட.

மதிப்பீட்டாளருக்கு வாதம் செய்யாதீர்கள், காகிதம் கொடுங்கள். பக்கத்தில் ஒப்பந்தம் ஆகி இன்னும் பதிவாகாத விற்பனைகள், அளந்த பரப்பளவு, கூரை, மின்கம்பி, குழாய் வேலைகள் எந்த வருடம் நடந்தன என்பதற்கான ரசீது. பதிவேட்டில் இன்னும் ஏறாத விற்பனை அவர் கண்ணில் படாது, நீங்கள் சொன்னால்தான் தெரியும்.

#11 செங்கல்

கிரயமேசை சொன்ன கடைசிப் பத்தியைத் தரகர்களே பாதிப் பேர் செய்வதில்லை.

விளம்பர விலை பற்றி ஒன்று. நாளைய குறைப்பை இன்றைய விலையில் ஏற்றாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரத்தில்தான் அதிகம் பேர் பார்ப்பார்கள். அந்த வாரங்களை 8% கூடுதல் விலையில் வீணடித்துவிட்டுப் பிறகு குறைத்தால், குறை உள்ள வீடு என்று நினைக்கிறார்கள். இணையத்தில் தேடுகிறவர்கள் முழு எண்ணை வரம்பாக வைத்துத் தேடுவதால் அந்த வரம்புக்குள் இருங்கள்.

போட்டியும் கூடும், குறிப்பாக அமெரிக்கா மாதிரி 30 வருட நிலையான வட்டி உள்ள இடத்தில். 2021 ஜனவரியில் அங்கே சராசரி 2.65% வரை இறங்கியது. அப்போது கடன் வாங்கியவர் 7%இல் வீடு மாறமாட்டார், 6க்குக் கீழே வந்தால் யோசிப்பார். வட்டி இறங்க இறங்க அடைபட்டிருந்த வீடுகளும் சந்தைக்கு வரும். மாறும் வட்டி நாடுகளில் இந்த அடைப்பு கிடையாது, பழைய கடனும் சேர்ந்தே இறங்குவதால்.

#12 மொட்டைமாடி

கடைசியாக ஒன்று. பாக்கி இருக்கும்போது பணம் கைமாறும் வரிசை என்ன?

#13 கிரயமேசை

கடன் முடிப்புத் தொகைக் கடிதம் வாங்குங்கள். அதில் அசல், குறிப்பிட்ட தேதிவரை வட்டி, அதற்குப் பிறகு ஒரு நாளுக்கு எவ்வளவு, கட்டணங்கள், கடிதம் செல்லும் கடைசித் தேதி எல்லாம் இருக்க வேண்டும். பாக்கி 50,00,000, வட்டி 8.5% என்றால் ஒரு நாளுக்கு 1,164. மாறும் வட்டிக் கடனில் கடிதத் தேதிக்கும் கிரயத் தேதிக்கும் நடுவில் வட்டி மாற்றியமைக்கும் நாள் வந்தால் இந்தத் தொகை மாறும், புதுக் கடிதம் கேளுங்கள்.

வாங்குபவரின் வங்கி முடிப்புத் தொகையை உங்கள் வங்கிக்கு நேராகச் செலுத்தி, மீதியை உங்களுக்குக் கொடுப்பதே பாதுகாப்பான வரிசை. "முதலில் நீங்கள் கடனை முடியுங்கள், பிறகு தருகிறோம்" என்றால் அதற்குரிய தொகையை முன்பணமாக எழுத்தில் வாங்குங்கள். தானியங்கித் தவணையைக் கடன் பூஜ்யம் ஆகிவிட்டது என்ற கடிதம் வரும்வரை நிறுத்தாதீர்கள். ஒரு தவணை கூடுதலாகப் போனால் திரும்ப வாங்கலாம். தவணை தவறியதாகப் பதிவானால் அடுத்த வீட்டுக்கான கடனில் அதுவே வட்டியை ஏற்றும்.

அசல் ஆவணங்கள் திரும்பி வருவதும், பதிவேட்டில் அடமானம் நீக்கப்படுவதும் தனித்தனி வேலைகள். இந்தியாவில் 2023 டிசம்பர் 1 முதல், முழுத்தொகை கட்டிய 30 நாளுக்குள் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், அடமானப் பதிவையும் நீக்க வேண்டும். தவறு கடன் கொடுத்தவருடையது என்றால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் இழப்பீடு. வாங்குபவரின் வங்கி அந்த 30 நாள் காத்திருக்காமல் இருக்க, தங்களிடம் உள்ள ஆவணங்களின் பட்டியலையும், பணம் வந்ததும் யாரிடம் ஒப்படைப்பார்கள் என்பதையும் உங்கள் வங்கியிடம் முன்கூட்டியே எழுத்தில் வாங்கி வைத்துவிடுங்கள்.